டர்போக்காரரின் விசில்

கார் வைத்திருப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. வண்டி ஒழுங்காக ஓடினால் இவர்களுக்குச் சோறு இறங்காது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தாண்டிக் குதித்துத்தான் கடைக்குப் போயிருப்பீர்கள். அந்தக் கால்களுக்கு மேலே இருப்பவர்தான் டர்போக்காரர்.

நம் டர்போக்காரரிடம் இருப்பது, நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய சின்னக் கார். அதைப் புயலாக்கிவிடலாம் என்று, எங்கோ கவிழ்ந்த டீசல் வேனின் டர்போவைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தார். பார்ப்பதற்கு அசல் நத்தை. வேலையோ வேகத்தைக் கூட்டுவது! அது எப்படி என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

"வெளிய போற புகை சும்மாதானே போவுது? அத வச்சு ஒரு விசிறியச் சுத்தவிட்டு, எஞ்சினுக்குள்ள இன்னும் கொஞ்சம் காத்தத் திணிக்கிறோம். அவ்ளோதான்!"

அந்த 'அவ்ளோதான்' நடந்த மூன்று மாதத்தில் கட்டிலுக்கடியில் புகைக்குழாய் குடியேறியது, துணி ஊறவைக்கும் வாளியில் ஆயில் குழாய் மண்ணெண்ணெயில் ஊறியது, சர்க்கரை டப்பாவைத் திறந்தால் போல்ட்டுகள் சிரித்தன, துவைத்த சேலைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய காரின் ரேடியேட்டர் காய்ந்தது. எப்போது முடியும்? "ஒரே ஒரு கிளிப்புதான் பாக்கி." அந்தக் கிளிப்பைத் தேடிப் போவார். திரும்பும்போது கையில் கிளிப் இருக்காது. வேறு ஏதாவது இருக்கும்.

இந்த நேரம் பார்த்து அவருடைய மனைவிக்கு ஆசிரியை வேலைக்கான உத்தரவு வந்தது. அவள் பிறந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். நான்கு வருடமாகத் தபால்காரரின் மணிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் காத்திருந்தவள். திங்கள் காலை ஒன்பது மணிக்குள் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். முதல் பஸ்ஸே அந்த ஊருக்குப் பத்து மணிக்குத்தான்.

"ஏங்க, திங்கக்கெழம வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடுமாவா? பறக்கும்!"

"பறக்க வேணாம். நேத்து மாதிரி புகைய விட்டுட்டு நடுரோட்டுல உக்காராம இருந்தா போதும்."

"அது புகையில்லம்மா. ஆயில் செட்டாவுது."

ஞாயிறு காலை அவர் கிளிப் தேடிக் கிளம்பினார். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. பக்கத்துத் தெரு வெல்டர் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் வந்து பானெட்டைத் திறந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத ஒட்டவச்ச பாவி நான்தான் தங்கச்சி. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், மாப்ள கேக்கல."

"எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழைய பைப்பையே மாட்டிடுங்கண்ணே."

"அவரு பாத்தா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்த நத்தைய மட்டும் இருந்த எடத்துலயே சும்மா நிக்கவைங்க. மனசு ஒடஞ்சிடுவாரு."

மாலைக்குள் வண்டி பழைய வண்டியாயிற்று. எந்தக் குழாயோடும் ஒட்டுறவில்லாமல், ஓர் இரும்புப் பட்டையின் மேல் டர்போ கொலு வீற்றிருந்தது. வீடு திரும்பியவரிடம் அவள் சொன்னாள்: "அண்ணன் வந்து மிச்ச வேலைய முடிச்சுட்டாரு. இனிமே பானெட்டத் தொட்டீங்க, நான் நடந்தே போயிடுவேன்."

திங்கள் காலை வண்டி கிளம்பியது.

"பாத்தியா, இழுவைய!" என்றார். டர்போவின் அழுத்தத்தைக் காட்ட அவர் பொருத்தியிருந்த மீட்டரில் முள் பூஜ்யத்தில் படுத்துத் தூங்கியது. "மீட்டர் பழசு. அது காட்டாது."

வேகம் கூடக் கூட, ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

"கேக்குதா? டர்போ விசிலு!"

அவள் பக்கத்துக் கண்ணாடி ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. தலைமுடி பறக்கிறதே என்று அவள் அதை ஏற்றினாள். விசில் நின்றது. அவர் முகம் சுண்டியது. கால் ஆக்ஸிலரேட்டரை விட்டது. வண்டி ஓரம் கட்டத் தொடங்கியது.

"நின்னுடுச்சே! ஒரு நிமிஷம், தொறந்து பாத்துடறேன்."

மணி எட்டு இருபது. இவருடைய ஒரு நிமிஷத்தின் நீளம் அவளுக்குத் தெரியாதா? கண்ணாடியை ஒரு விரல் இறக்கினாள்.

ஸ்ஸ்ஸ்.

"அதானே பாத்தேன்!" என்று மிதித்தார்.

எட்டு ஐம்பதுக்குத் தலைமை ஆசிரியர் அறையில், தலை கலைந்த ஓர் ஆசிரியை கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்து, கொஞ்சம் பெரிய எழுத்தில். வெளியே அவர் காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டர்போ இல்லன்னா இந்நேரத்துக்கு வந்து சேந்திருக்க முடியுமா?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், போன மாதம் நீங்களே உங்கள் கையால் பிரித்து மாட்டினீர்களே, அந்த மிக்ஸி... இப்போது முன்பைவிட நன்றாக ஓடுகிறது அல்லவா? சந்தோஷம். அதற்கு அடுத்த நாள் நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டுக்கு யார் வந்துவிட்டுப் போனார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.