சேட்டில்லாச் சம்பந்தம்

யூஹா வாசல் கேற்றடியில் நின்று பொத்தானை அவிழ்த்துச் சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். பரமலிங்கம் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். பெண் பார்க்க வருகிறவர்களை ஏற்றிவரும் வான் கொடிகாமத்தைத் தாண்டிவிட்டதென்று இப்போதுதான் போன் வந்தது.

பின்லாந்துப் பொடியன். பேர்பெற்ற இடம் எதற்கும் போகாமல், தேடித்தேடி இந்த வரணிக்கு வந்து, பரமலிங்கத்தின் மகள் தனுஷிகா வாடகைக்கு விடும் அறையில் ஒரு மாதமாய் இருக்கிறான். கூழென்றால் உயிர். கிணற்றடியில் சாரத்தோடு குளிப்பான். தமிழும் கொஞ்சம் கதைப்பான். நல்ல பிள்ளைதான். ஆனால் இன்றைக்கு!

“தம்பி, என்ன செய்யிறாய்?”

“கோயிலிலை கழட்டினனான். வீடும் கோயில்தானே, ஐயா?”

இல்லையென்றா சொல்வது? நேரங்கெட்ட நேரத்தில் இப்படியொரு நல்ல கதையைச் சொல்லிவிட்டானே, பாவி!

வரப்போகிற அருளம்பலம் லேசுப்பட்ட ஆளில்லை. மகன் கேதீஸ்வரனுக்குப் பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் பத்தாவது நிமிடமே எழும்பிவிட்டாராம். தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லையாம். தனுஷிகாவுக்கு முப்பது நடக்கிறது. இதுவும் குழம்பினால் இனி யார் வருவார்கள்?

“இஞ்சருங்கோ, உவனை முதல் மூடுங்கோ!” என்று மனைவி பத்மாசினி உள்ளேயிருந்து ஒரு சால்வையை எறிந்தாள்.

யூஹா அதைக் கோயிலில் பார்த்தபடியே பயபக்தியாய் இடுப்பில் கட்டிக்கொண்டான். பரமலிங்கம் ஓடிப்போய்த் தன் புதுச் சேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அன்பளிப்பென்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, பைக்குள் பத்திரமாய் வைத்துவிட்டான். பின்னறைக்குள் தள்ளிப் பூட்டலாமென்றால் வான் வாசலில் வந்து நின்றேவிட்டது.

அருளம்பலம் இறங்கினார். முழுக்கைச் சேட்டு, கழுத்துவரை பொத்தான். வெறும் மேலோடு கும்பிட்டு நிற்கிற வெள்ளைக்காரனை மேலும் கீழும் பார்த்தார்.

“உதென்ன கோலம்?”

பரமலிங்கத்தின் வாய் அவரைக் கேளாமலே திறந்தது. “அது... எங்கடை வீட்டு வழக்கம், அண்ணை. சாமியறை முன்னுக்கு இருக்கிறபடியால் ஆம்பிளையள் சேட்டோடை உள்ளுக்கு வாறேல்லை.”

“அப்ப நீங்கள்?”

“இந்தா, கழட்டுறன்!”

அவசரத்தில் இரண்டு பொத்தான் தெறித்தது. உள்ளே பத்மாசினி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

அருளம்பலம் மெல்லத் தன் முதல் பொத்தானில் கைவைத்தார். பின்னால் மாப்பிள்ளையும் மளமளவென்று கழற்றினான். தேத்தண்ணித் தட்டோடு வந்த தனுஷிகா நிமிரவேயில்லை.

பத்து நிமிடம் போனது. அரை மணியும் போனது. மின்விசிறிக்குக் கீழே காலை மடித்துச் சப்பாணி கட்டியிருந்த அருளம்பலம் மூன்றாவது வடையைக் கடித்தார்.

“உடம்பு முழுக்க வேர்க்குரு, தம்பி. போன வீடெல்லாம் என்னைச் சேட்டுக்குள்ளை போட்டு அவிச்சுப்போட்டுதுகள். உங்கடை வீட்டிலைதான் மனிசனாய் இருந்தனான். எனக்கு வேறை சம்பந்தம் என்னத்துக்கு? ஆவணியிலை வைப்பம்.”

வான் போனதும் பரமலிங்கம் யூஹாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“எங்கையோ பிறந்த பிள்ளை நீ. தெரியாமல் செய்தாலும் என்ரை பிள்ளைக்கு ஒரு வாழ்க்கையைத் தந்திட்டாய். சாகுமட்டும் மறக்கமாட்டன், ராசா.”

யூஹா வெட்கத்தோடு சிரித்தான்.

“தெரிஞ்சுதான் செய்தனான், ஐயா. தனுஷிகாவோடை ரெண்டு வரியமாப் போனிலை கதைக்கிற கேதீஸ்வரன்தான் என்னைச் சேட்டைக் கழட்டச் சொன்னவர்.”