தேங்காய்க்கு வந்த நாகதோஷம்

கருவடிக்குப்பத்தில் ஒரு வாரமாக ஆட்டோ நுழைய வழியில்லை. காரணம், நாகச்சீப்பு சாமிகள். உங்கள் தலையில் செதில் செதிலாக உதிர்கிறதா? அது நோயே இல்லையாம். போன பிறவியில் நீங்கள் அடித்துப்போட்ட பாம்பு உச்சந்தலையில் குடியேறிச் சட்டை உரிக்கிறதாம். பாம்புக்கு வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள்!

சாமிகளின் வைத்தியம் தனி ரகம். பக்தர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அதிலுள்ள ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்ட வேண்டும். தலைமேல் மஞ்சள் துணி போர்த்துவார்கள். நேரில் பார்த்தால் தோஷம் தன்மேல் ஏறிவிடும் என்று, சாமிகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு துணிக்குள் சீப்பை விட்டுச் சீவுவார். கீழே தாம்பாளத்தில் பளபளவென்று செதில் விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் தணிகாசலத்தின் முழு வழுக்கையிலிருந்தே ஒரு கைப்பிடி கொட்டியது. "மோன் தியூ! கடவுளே!" என்று அலறினார் மனிதர். வழுக்கையில் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டால் பலிக்காதாமே!

பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் சுலோசனா, மகன் பிரேம்குமாருக்கு நிச்சயித்த பூர்ணிமாவை இங்கே இழுத்து வந்தாள். பெண்ணுக்குத் தலையில் சொரியாசிஸ். போன வாரம் வந்தபோது, டாக்டர் கொடுத்த மருந்தைத் தூக்கிப்போடச் சொல்லியிருந்தார் சாமிகள். அதன் பலனாகப் பூர்ணிமாவின் தலை வெடித்து, தலையணையெல்லாம் ரத்தம்.

"அத்தை, தோலு வேகவேகமா வளர்ந்து உதிருது, அவ்ளோதான். யாருக்கும் ஒட்டாது. அடியோட போகாது, ஆனா மருந்து போட்டா அடங்கியிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டருக்கு என்னா தெரியும்? அவங்க வெறும் படிச்சவங்க! இன்னிக்கும் செதிலு கொட்டிச்சின்னா கல்யாணம் கெடையாது, சொல்லிட்டேன்."

கொட்டத்தான் போகிறது. கொட்டாவிட்டால் சாமிகளின் பிழைப்பு என்னாவது?  பூர்ணிமா, கூட வந்து பேந்தப் பேந்த விழித்த பிரேம்குமாரைத் தனியே கூப்பிட்டாள்.

"கல்யாணம் நடக்கணுமா வேணாமா?"

"நடக்கணும்."

"அப்ப வாசல்ல பூசைக்கடையில நல்ல குடுமித் தேங்காயா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. கேள்வி கேக்காதீங்க."

கேள்வி கேட்பதுதான் அவன் பரம்பரையிலேயே இல்லையே! வாங்கி வந்தான். திரைக்குப் பின்னால் போன பூர்ணிமா, குடுமியைப் பிரித்துவிட்டு, தேங்காயை ஓட்டை வழியாக நீட்டினாள். சிஷ்யன் காணிக்கைக் காசை எண்ணியபடியே துணியைப் போர்த்தினான். சாமிகள் சீவத் தொடங்கினார்.

"அய்யய்யோ! கொடும் தோஷம்! மண்டைக்குள்ள விஷநீர் தளும்புற சத்தம் கேக்குதா?"

கேட்டது. உள்ளே தண்ணீர் இன்னும் வற்றாத காய். தாம்பாளம் செதிலால் நிறைந்தது.

"கல்யாணத்த நிறுத்துங்க!" என்று சுலோசனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதுக்கு அத்தை?" என்று கேட்ட பூர்ணிமா, தேங்காயைத் துணியோடு தாம்பாளத்தில் இறக்கிவிட்டு, திரையை விலக்கி வெளியே வந்தாள். துணியை உருவினாள். வகிடெடுத்துச் சீவிய குடுமியோடு தேங்காய் லட்சணமாக உட்கார்ந்திருந்தது.

சாமிகள் கண்ணைத் திறந்தார். "தேங்காய்க்கும் முற்பிறவி உண்டு!" என்றார். அதற்கும் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்!

அதற்குள் எங்கிருந்தோ ஒரு பூனை பாய்ந்து வந்து தாம்பாளத்தை நக்கியது. சுலோசனா ஒரு செதிலை எடுத்து மோந்து பார்த்தாள்.

"அடப்பாவி! இது கொடுவா மீனு செதிலுடா! பளபளன்னு மாலையில வச்சுக் கட்டணும், செதிலு மட்டும் குடுன்னு காலையில உன் ஆளு எங்கிட்டதானடா வாங்கினு போனான்!"

சாமிகள் எடுத்தார் ஓட்டம். காவிச் சட்டைக் கைமடிப்பிலிருந்து வழியெல்லாம் செதில் கொட்ட, பின்னாலேயே பூனையும் ஓடியது.

சுலோசனா பூர்ணிமாவின் தலையை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ரத்தம். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"மருந்த எடுத்துப் போடுடி, கண்ணு. கல்யாணத்தன்னிக்கி உதிர்ந்தாலும் உதிரட்டும். அட்சதையோட அட்சதையா கெடந்துட்டுப் போவுது."

சாமியாருக்குத் தலைக்கும் தேங்காய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாவம், கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தோமே, நமக்கு என்ன கேடு?