இரண்டாவது ஓடுபாதையும் மூன்றாவது மாப்பிள்ளையும்

"எங்க அருள்ஜோதி சமையல்ல..." என்று தொடங்கிய சவரிராஜ், வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். பலகாரத் தட்டை நீட்டிய கையோடு அவர் மனைவி பிலோமினம்மாளும் அப்படியே நின்றாள். காப்பி கொண்டுவந்த அருள்ஜோதி, தூக்கிய கால் தூக்கியபடி சிலையானாள்.

தலைக்கு மேல் விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோலப் போய் முடிந்தது.

"...கெட்டிக்காரி," என்று முடித்தார் சவரிராஜ். பிலோமினம்மாளின் தட்டு நகர்ந்தது. அருள்ஜோதியின் கால் தரையில் இறங்கியது.

இது 1974. பாய லேபார் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மெக்பர்சன் அடுக்குமாடிகளில் குடியிருந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சமாச்சாரம். விமானம் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். போனதும் விட்ட இடத்தில் தொடர்வார்கள். சண்டையில் ஓங்கிய கைகூட விமானம் போகும்வரை அந்தரத்தில் காத்திருந்துவிட்டு அப்புறம்தான் இறங்கும்.

ஆனால் பெண் பார்க்கக் குவீன்ஸ்டவுனிலிருந்து வந்திருந்த அம்மாளுக்கு இது எப்படித் தெரியும்? அரை மணி நேரத்தில் ஆறு முறை அந்தக் குடும்பத்தார் மூவரும் ஒரே நேரத்தில் விறைத்து நின்றதைப் பார்த்துவிட்டு, மாடிப்படி இறங்கும்போதே கணவரிடம், "குடும்பத்துக்கே வலிப்புங்க," என்று சொல்லிவிட்டாள். அவர்கள் ஏறிய பஸ் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ச் சேருமுன் அந்தச் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அருள்ஜோதி சிராங்கூன் ரோட்டில் புடவைக் கடை ஒன்றில் கல்லாவில் இருந்தாள். திங்கட்கிழமை புடவை எடுக்க வந்த நாலு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

முதலில் வந்த மாப்பிள்ளையும் இப்படித்தான் போனார். அவருடைய அப்பாவுக்கு இதயம் பலவீனம். மூன்றாவது விமானத்திலேயே டாக்ஸி கூப்பிட வேண்டியதாயிற்று. பெண்ணுக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது. பிலோமினம்மாள் சாப்பிடுவதைக் குறைத்தாள். சவரிராஜ் சாப்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

அந்தச் சமயம் பார்த்து, விமான நிலையத்தைப் பெரிதாக்கி இரண்டாவது ஓடுபாதை போடப்போகிறார்கள் என்று வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ஓர் ஓடுபாதைக்கே இரண்டு மாப்பிள்ளைகள் பறந்துவிட்டார்கள். இரண்டு ஓடுபாதை வந்தால் பெண் கன்னியாஸ்திரீ மடத்துக்குத்தான் போக வேண்டும் என்று சவரிராஜ் கணக்குப் போட்டார். போட்டவர், மேல்மாடி அஹமது கபீரைக் கூட்டிக்கொண்டு மனு எழுதக் கிளம்பிவிட்டார். கபீருக்கு மகள் இல்லை, தூக்கமும் கெடவில்லை. ஆனால் ஊர்க் காரியம் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் நிற்பவர்.

மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். விமானச் சத்தத்தால் காதும் மனமும் குடும்பமும் கெடுகின்றன, எனவே விரிவாக்கம் வேண்டாம் என்பது சாரம். சவரிராஜ் ஒரு கப்பல் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தா. மனு அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதனால்தானோ என்னவோ பதிலும் வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து நிலவரத்தைப் பார்வையிடுவார் என்று இரண்டே வரி.

மறுநாள் கோயிலில் பூசை முடிந்ததும் உபதேசியார் சூசைநாதன் சவரிராஜைத் தூணோரம் ஒதுக்கினார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் கல்யாணம் பேசி முடிப்பதுதான் அவர் தொழில். நல்ல பையன், துறைமுகத்தில் வேலை, சனிக்கிழமை பெண்ணைப் பார்க்க அனுப்புகிறேன் என்றார்.

"ஆனா பெண் பார்க்க வந்ததா அவன் காட்டிக்க மாட்டான். மனு விஷயமா விசாரிக்க வந்தேன்னுதான் சொல்லுவான். நீங்களும் பேர் கேக்காதீங்க, ஊர் கேக்காதீங்க, தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க. புடிக்கலேன்னா ரெண்டு பக்கமும் தலைகுனிவு இல்ல, பாருங்க."

இரண்டு தடவை தலைகுனிந்த வீடு அது. சவரிராஜுக்கு இந்த ஏற்பாடு தேனாக இனித்தது.

வீட்டில் பிலோமினம்மாள்தான் குறுக்கே விழுந்தாள். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்தா எப்படிங்க? ஒருத்தர்கிட்ட சத்தம் இருக்குன்னு சொல்லணும், ஒருத்தர்கிட்ட இல்லேன்னு சொல்லணும். யாரு யாருன்னு எப்படித் தெரியும்?"

சவரிராஜ் சிரித்தார். "சனிக்கிழமை கவர்மெண்டுக்கு அரை நாள். மத்தியானம் ஒரு மணிக்கு மேல எந்த ஆபீசராவது நாற்காலிய விட்டு எழுந்திருப்பானா? காலையில வர்றவர் ஆபீசர். சாயங்காலம் வர்றவர் மாப்பிள்ளை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்லா, எனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் கதவைத் தட்டினார். மனு விஷயமாக வந்ததாகச் சொல்லிவிட்டு, செருப்பை வெளியே ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். தமிழ் பேசுகிற அதிகாரி அமைந்தது அந்தோணியார் புண்ணியம் என்று சவரிராஜ் சுவர்ப் பலகையில் இருந்த சுரூபத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

ஆனால் அந்தோணியார் காற்றைக் கவனிக்கவில்லை. அன்றைக்குக் காலையில் காற்று திசை மாறி, விமானங்களெல்லாம் மறுபக்கமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. மூன்றாம் புளோக்கில் ஒரு குழந்தை தும்மியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"ரொம்ப அமைதியான இடமா இருக்கே," என்றார் வந்தவர்.

சவரிராஜ் எழுந்தார். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினார். அது கபீருக்குச் சைகை. விமானம் வராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று கபீர் காலிப் பீப்பாய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். மேலே கடகடவென்று அது உருள ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம்?"

"மேல்வீட்டுக்காரர் சார். நல்ல மனுஷனா இருந்தார். இந்த பிளேன் சத்தத்துல புத்தி பெசகி, நாள் பூரா பீப்பாய உருட்டிக்கிட்டுக் கெடக்கார்."

வந்தவர் மேலே பார்த்தார். இரக்கப்பட்டார். நோட்டுப் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே எவ்வளவு சேதம் என்று காட்டினால்தான் இவர் அசைவார் என்று சவரிராஜுக்குத் தோன்றியது. முதலில் தன் கையை நடுங்கவிட்டுக் காட்டினார். அடுத்து மனைவியின் ரத்த அழுத்தத்தைச் சொன்னார். போன மாதம் அவள் தன்னைக் கரண்டியால் அடித்ததையும் சொன்னார். அது மட்டும் நிஜம்.

"வீட்டுல வேற யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"ஒரே மகள் சார். அதுக்குத்தான் பாதிப்பு ஜாஸ்தி. காது மந்தம். மூணு தடவ கத்துனாத்தான் கேக்கும். கோபம் வந்தா கையில கெடைக்கிறதத் தூக்கி எறியும். கொழம்புல உப்புப் போட்டமா இல்லையாங்கிறதே ஞாபகம் இருக்காது, ரெண்டு தடவ போட்டுரும். தூக்கத்துல எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிக்கும்."

அடுப்படியில் இருந்த அருள்ஜோதிக்கு இதெல்லாம் நன்றாகவே கேட்டது. பொய் சொல்ல அவள் முதலில் சம்மதிக்கவில்லை. சம்மதித்த பிறகு எதையும் அரைகுறையாகச் செய்யும் பெண் இல்லை. அப்பா இரண்டு தடவை கூப்பிட்டும் வராமல், மூன்றாவது தடவை வந்து, "என்ன?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினாள். காப்பி கேட்டால் தண்ணீர் கொண்டுவந்தாள். சவரிராஜ் பேசி வைத்தபடி ஆள்காட்டி விரலால் தொடையைத் தட்டவும், கையிலிருந்த பீங்கான் தட்டைச் சுவரில் வீசினாள். குவீன்ஸ்டவுன்காரி மேல் இருந்த கோபமும் அதில் சேர்ந்துகொண்டதால் தட்டு பன்னிரண்டு துண்டானது.

வந்தவர் பயந்து ஓடவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். தலையை நிமிர்த்தாமலே, "பின்னால நகராதீங்க, கால்ல குத்திரும்," என்று மெல்லச் சொன்னார். அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

மந்தக் காதுக்கு இது எப்படிக் கேட்டது என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று சவரிராஜ்தான் முந்திக்கொண்டு, "ஒதட்டப் பாத்தே புரிஞ்சுக்கும் சார்," என்றார். குனிந்திருந்தவரின் உதடு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

"பொண்ணப் பத்தி இவ்வளவு வெளிப்படையா சொல்றீங்களே," என்றார் வந்தவர்.

"மறைச்சு என்ன சார் பிரயோசனம்? உள்ளத உள்ளபடி மேலிடத்துல சொல்லுங்க. சீக்கிரம் ஒரு நல்ல முடிவு எடுக்கச் சொல்லுங்க."

வந்தவர் கொஞ்ச நேரம் அருள்ஜோதியைப் பார்த்தார். சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் போய்க் கால் மணி நேரம்வரை பீப்பாய் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லிச் சைகை எதுவும் பேசி வைத்திருக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுத்தவர் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும், மூக்குக்கண்ணாடி. தோளில் ஒரு கறுப்புத் தோல் பெட்டி. மனு விஷயமாக வந்திருப்பதாக அவரும் சொன்னார். பிலோமினம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள்.

"என்ன விஷயமா வேணா இருக்கட்டும் தம்பி, மொதல்ல உக்காருங்க," என்றார் சவரிராஜ். ரவா லட்டு வந்தது, உளுந்து வடை வந்தது, பச்சைப் பட்டுப் புடவையில் அருள்ஜோதியும் வந்தாள்.

காற்றும் வந்தது. மத்தியானத்துக்கு மேல் பழைய திசைக்கே திரும்பிவிட்ட காற்று. காலையில் வராத விமானங்களும் சேர்த்து ஒன்றன் வால் பிடித்து ஒன்றாகத் தலைக்கு மேல் வந்தன.

இந்தத் தடவை யாரும் விறைத்து நிற்கக் கூடாது என்று வாரம் முழுவதும் ஒத்திகை நடந்திருந்தது. விமானம் கூரைக்கு மேல் வரும்போதும் சவரிராஜ் வாயை அசைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே பேசினார். என்ன பேசினார் என்று அவருக்கே கேட்கவில்லை. கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. அந்தோணியார் பலகையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டார். பிலோமினம்மாள் எழுந்து போய், செபம் சொல்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சுரூபத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விசுவாசமான குடும்பம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வார், அதுவும் நல்லதுதான்.

வந்தவர் பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ குனிந்து பார்த்துவிட்டு மூடினார். கேமராதான் என்று சவரிராஜ் முடிவுகட்டிவிட்டார். அம்மாவிடம் காட்டப் படம் வேண்டும், கேட்க வெட்கம். உடனே மகளை வெளிச்சம் படும்படி ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, புடவைத் தலைப்பை விரித்துவிட்டார். வந்தவர் ஜன்னலையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க பிளேன் சத்தம் உங்களுக்குத் தொந்தரவு இல்லையா?" என்று கேட்டார் அவர். ஒரு விமானம் முழுசாகக் கடந்து போகக் காத்திருந்துதான் கேட்டார்.

"பிளேனா? இங்க ஏது தம்பி பிளேன்?"

"இப்ப போச்சே."

"அது மேல்வீட்டுல பீப்பாய் உருட்டுறாங்க."

"அப்ப இந்த மனு?"

"பொழுதுபோகாதவங்க நாலு பேரு போட்டது தம்பி. இந்த வீட்டுல படுத்தா தாலாட்டுன மாதிரித் தூக்கம் வரும். இன்னும் ரெண்டு ஓடுபாதை போட்டாலும் எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க தாராளமா வந்து போகலாம்."

வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று தயங்கிக் கேட்டார். சவரிராஜுக்கு உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. குவீன்ஸ்டவுன்காரி கிளப்பிவிட்ட வதந்தி இவருடைய அம்மா காதுவரை போயிருக்க வேண்டும், பாவம், கையில் அத்தாட்சி இல்லாமல் எப்படி நம்புவார்? குமாஸ்தாக் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். அருள்ஜோதியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். வழிக்கு நாலு வடையும் கட்டிக் கொடுத்தார்கள்.

அன்றிரவு சவரிராஜ் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். ஒரே நாளில் ஓடுபாதையையும் நிறுத்தி, மகளுக்கும் வழி பண்ணியாகிவிட்டது. அருள்ஜோதி மட்டும் அவ்வளவு உற்சாகமாக இல்லை. சாயங்காலம் வந்தவர் நல்லவர்தான், ஆனால் ஒரு வடையைப் பிய்க்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார் என்றாள். பேச்சோடு பேச்சாக, காலையில் வந்த ஆபீசருக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா என்று அம்மாவிடம் கேட்டாள். பிலோமினம்மாள் கரண்டியைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததோ இல்லையோ, சவரிராஜ் வாசலிலேயே உபதேசியாரை மடக்கினார். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டார். பின்னால் பிலோமினம்மாள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அருள்ஜோதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

சூசைநாதன் சவரிராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வீடு பாத்துட்டானாம் சவரி, பொண்ணு காது மந்தம், கோபம் வந்தா தட்டத் தூக்கி வீசும்னு மறைக்காம சொன்ன யோக்கியமான மனுஷன் நீங்க ஒருத்தர்தானாம், கட்டுனா இந்த வீட்டுலதான் கட்டுவேன்னு நேத்துக் காலையிலேருந்து ஒத்தக் கால்ல நிக்கிறான்."