சந்தனக் கலர் பேண்ட்டில் எண்ணெய் தெறித்தது தொடர்பாக

அன்புமிக்க மைத்துனர் அவர்களுக்கு,

அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். உங்கள் நலம் அறிய ஏழு மாதமாக ஆவல். போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் ஆவல் அப்படியே நிற்கிறது. கடிதம் என்றால் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து விழுந்துவிடும், எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று யோசித்து இதை எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதவி உயர்வு நேர்காணலுக்கு உங்களை வற்புறுத்தி என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனவன் நான்தான். இறங்கும்போது உங்கள் புதுச் சந்தனக் கலர் பேண்ட்டில் முழங்காலிலிருந்து காலுறை வரை எஞ்சின் எண்ணெய். உள்ளே மூன்று அதிகாரிகளும் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார்களாம். வெளியே வந்து, "மாமா, இனிமே உங்க வண்டியில ஏறினா என்னை ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறியவர்தான். பதவி வேறொருவருக்குப் போனதைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. தலையில் வாளி சுமந்து தெருத்தெருவாக விற்ற நாளிலிருந்து, பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை நடத்தும் இன்றுவரை எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சரக்கில் குறை என்றால் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஆகவே வண்டியில் கை வைத்தேன்.

மெக்கானிக்கைக் கேட்டேன். "எஞ்சினும் மூச்சு விடும் முதலாளி. பிஸ்டன் மேல கீழ போறப்ப உள்ள இருக்கிற காத்து இந்த ப்ரீதர் குழாய் வழியா வெளிய வரும். உங்க வண்டி மூச்சோட எண்ணெயையும் சேர்த்துத் துப்புது. விட்டுட்டுப் போங்க, நாலு நாள்ல பார்த்துத் தர்றேன்" என்றார். நாலு நாளில் ஒரு ஞாயிறு வந்தது. வண்டியும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை நான் என்ன செய்வது? தவிர, குழாய் விற்பவனுக்கு இன்னொருவர் குழாய் மாட்டுவதா? நானே செய்கிறேன் என்றேன். "செய்ங்க, செய்ங்க. அப்புறம் நமக்குத்தான் வேலை" என்றார்.

முதலில் கடையிலிருந்து இரண்டு மீட்டர் குழாயை வெட்டி, அதன் வாயை நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். பின்னால் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, வானத்தைப் பார்த்தார். சரி, வெளியே விட்டால்தானே தெறிக்கும், பிடித்து வைப்போம் என்று, கடையில் வேகமாகப் போகும் காற்றுப்புகா டப்பாவை அடியில் கட்டிக் குழாயை அதற்குள் செருகி, சுற்றிலும் பசை போட்டு அடைத்தேன். கவிழ்த்தாலும் சிந்தாது என்று இருபது வருடமாகச் சொல்லி விற்கிறேன். அதன் தரத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன்: மூடி அசையவில்லை, எஞ்சின்தான் மூட்டுக்கு மூட்டு கசிந்தது. மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூக்கையும் வாயையும் பொத்திட்டா நீங்க எது வழியா முதலாளி விடுவீங்க?" கசிந்த மூட்டுகளுக்குப் புது கேஸ்கெட் போட்டு வாங்கிவந்தேன்.

பிறகுதான் பிடி கிடைத்தது. டப்பாவை மேலே, பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் தூக்கிக் கட்டினேன். உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். மூடியில் காற்றுப் போக ஒரு துளை. அகலமான குழாயை வளைவில்லாமல் மேல்நோக்கி ஏற்றினேன். காற்று போய்விடும், எண்ணெய் கம்பியில் ஒட்டி, சொட்டி, வந்த வழியே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். படித்தவர்கூட இதற்குமேல் என்ன செய்திருப்பார்?

சோதிக்கப் பின்னால் ஆள் வேண்டுமே. கடை ஆட்களைக் கூப்பிட்டால் வருவார்கள். முதலாளி கூப்பிட்டு வருவது வேறு. ஆகவே உங்கள் எடைக்கு ஓர் உப்பு மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றி, என் பழைய சந்தனக் கலர் பேண்ட்டில் செய்தித்தாள் அடைத்து இருபக்கமும் தொங்கவிட்டுக் கட்டினேன். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் பிடித்துக்கொண்டார்.

"பின்னாடி இருக்கிறவருக்கு ஹெல்மெட் எங்க?"

"அது மூட்டைங்க சார்."

"மூட்டைக்கு எதுக்குய்யா பேண்ட்டு?"

"எண்ணெய் படுதான்னு பார்க்கத்தான் சார்."

பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "வீட்ல யாரும் இல்லையா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

அவரே கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டி, "பார்த்துப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

மூன்று ஞாயிறு ஓட்டினேன். பேண்ட்டில் ஒரு பொட்டு இல்லை. மூட்டையையும் குறை சொல்வதற்கில்லை. உங்களைப் போலத் திருப்பத்தில் எதிர்ப்பக்கம் சாயாது, "மாமா, லாரி, லாரி" என்று தோளைப் பிறாண்டாது. மூன்றாவது ஞாயிறு நான்தான் பேசிக்கொண்டே போனேன். ஞாயிறுதோறும் நாம் இருவரும் நிற்கும் பாலத்துப் பக்கத்து டீக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு டீ வைத்தார். ஒன்று போதும் என்றால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்து வண்டியில் ஏறும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த நிறத்திலும் உடுத்தி வரலாம். பேண்ட்டுக்கு நான் பொறுப்பு. வீட்டில் தங்கையையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்லவும். எல்லா நலமும், கறைபடாத துணிமணியும் பெற்று நீங்கள் நீண்டகாலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மெக்கானிக் வந்தார். என் வேலைப்பாட்டைப் பெருமையாகக் காட்டினேன். அவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்து, எஞ்சினின் வலப்பக்கம் அடியில் இருக்கும், எண்ணெய் அளவு காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். "என்ன முதலாளி, கழுத்து வரைக்கும் ஊத்தி வெச்சிருக்கீங்க? அளவு எப்படிப் பார்த்தீங்க?" சைடு ஸ்டாண்டில் நிறுத்தித்தான் என்றேன். "சாஞ்சு நின்னா எண்ணெய் அந்தப் பக்கம் போயிடும், கண்ணாடியில குறைவாத்தான் தெரியும். நிமிர்த்திப் பிடிக்க ஒருத்தர், பார்க்க ஒருத்தர் வேணும். இத்தனை நாளா யாரு பிடிச்சாங்க?" உங்கள் அக்காதான் பிடிப்பாள். "ஆச்சா, கை கடுக்குது" என்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு நான் சாய்த்து வைத்துப் பார்த்து, குறைகிறதே குறைகிறதே என்று ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் முக்கால் லிட்டரை வடித்து, நான் மாட்டியதையெல்லாம் கழற்றி, பழைய குழாயைப் போட்டு ஓட்டிக் காட்டினார். ஒரு சொட்டு வரவில்லை. ஆகவே மேலே வண்டியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். உங்கள் பேண்ட்டைக் கெடுத்தவன் நான். ஞாயிறு வாங்க. ஏறச் சொல்ல மாட்டேன். கைப்பிடியை நிமிர்த்திப் பிடித்தால் போதும், நான் குனிந்து அளவு பார்க்க இரண்டு நிமிடம். எனக்கு இப்போது கண்ணும் சரியில்லை. கொஞ்சம் கூடவும் ஆகலாம்.