மாமனாரின் ஒன்பதும் என் மானமும்

மெக்கானிக்கல் படித்தவனிடம் கம்ப்யூட்டரைக் காட்டி, "கொஞ்சம் பாருங்க" என்று கேட்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும். அவன் புது மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால் தொலைந்தான். தெரியாது என்று சொல்ல வாயே வராது. (எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்தப் புலம்பல்.)

கல்யாணமான புதிதில் ஒருநாள் நாமகிரிப்பேட்டையில் மாமனார் வீட்டில் இருந்தோம். என் மனைவி கோகிலாவுக்கு அன்று காலை ஆன்லைனில் நேர்காணல். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் வேலை. படித்து முடித்ததிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை. அதற்கென்றே மாமனார் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். கோகிலா வயரைச் செருகினாள், நெட் வந்தது, சேலை மாற்றப் போனாள். அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லையே நான்!

"மாப்ள, நீங்க இன்ஜினியருங்க. எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க" என்றார் மாமனார்.

கம்ப்யூட்டருக்கு நாமே நிலையாக ஓர் ஐ.பி. முகவரி கொடுத்தால் நெட் தடங்கலில்லாமல் வரும் என்று எவனோ ஒரு வீடியோவில் சொல்லியிருந்தான். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி, ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண். பெரிய மேதாவி போல அந்த எண்ணைப் போடும் கட்டத்தைத் திறந்து, "கடைசி நம்பர் நம்ம இஷ்டம் மாமா, என்ன போடலாம்?" என்று கேட்டேன்.

"ஒம்பதுங்க மாப்ள! நம்ம லாரி நம்பரு அத்தனையும் கூட்டுனா ஒம்பதுதானுங்களே."

போட்டேன். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. படிக்காமலே மூடினேன். நெட் செத்தது.

கஸ்டமர் கேரில் ஒரு பெண், "மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றாள். மனுஷன் அவசரம் புரியாத கம்பெனியெல்லாம் ஒரு கம்பெனியா என்று கத்தினேன். கத்திவிட்டு அவள் சொன்னதைத்தான் செய்தேன். கூடவே வீட்டிலிருந்த எல்லா பிளக்கையும் பிடுங்கி மாட்டினேன். நெட் வந்துவிட்டது! கோகிலா உட்கார்ந்தாள், திரையில் மூன்று பேராசிரியர்கள் தெரிந்தார்கள், வணக்கம் சொன்னாள். அப்போது பார்த்து மாமனார் செல்போனும் கையுமாக ஓடி வந்தார். வீட்டை ஒட்டிய லாரி செட்டில் கேமரா மாட்டி, அதே நெட் வழியாகச் செல்போனில் பார்த்துக்கொண்டே இருப்பது அவர் வழக்கம்.

"மாப்ள, செட்டுல லாரியக் காணோமுங்க! கேமரா பூராக் கருப்பாக் கெடக்குது!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கேமரா வந்தது, நேர்காணல் போனது. மறுபடி நேர்காணல் வந்தது, கேமரா போனது. நான் மேசைக்கடியில் புகுந்து ஒவ்வொரு வயராக இழுத்தேன். "ஏனுங்க, கைய வெக்காதீங்க!" என்று கோகிலா அழாத குறை. கேட்டால்தானே நான்!

கடைசியில் அவள் தன் செல்போன் வழியாக நேர்காணலுக்குள் நுழைந்து மன்னிப்புக் கேட்டாள். மேசைக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், நடுவிலிருந்த மேடத்துக்கு முகம் கடுத்திருந்தது. "கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப் போறீங்க. உங்க வீட்டு நெட் ஏன் கட்டாகுது, அதச் சொல்லுங்க பாப்போம்" என்றார். போச்சு, இவள் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று அப்படியே உறைந்தேன்.

கோகிலா கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு திரும்பி, "அப்பா, கேமரா மாட்டுனவங்ககிட்டயும் ஒம்பதுதான் போடச் சொன்னீங்களா?" என்றாள்.

"பின்ன? ராசியான நம்பராச்சே சாமி."

"ரெண்டுக்கும் ஒரே முகவரி மேடம், அதான் சண்டை போட்டுக்குது. தானா நம்பர் வாங்கிக்கற மாதிரி மாத்திட்டாப் போதும்" என்று சொல்லி, மாற்றியும் காட்டினாள். நெட்டும் வந்தது, லாரியும் வந்தது.

"யாரு அந்த நம்பரப் போட்டது?" என்றார் மேடம்.

கோகிலா செல்போனை மேசைக்கடியில் திருப்பினாள். பனியனும் லுங்கியுமாக, வாயில் ஒரு வயரைக் கவ்விக்கொண்டு நான். மூன்று பேராசிரியர்களும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வேலை கிடைத்தது. வருடா வருடம் அந்தப் பாடம் வரும்போது அவள் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறாள். கல்லூரி விழாவுக்குப் போனால் பிள்ளைகள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரித்துத் தொலையட்டும். எனக்கு ஆறாதது வேறு. ஒன்பது போடச் சொன்னது யார்? அந்த மனுஷனை ஒருவர், ஒரே ஒருவர், ஏன் என்று கேட்டதுண்டா? சொந்தக்காரர் விசேஷம் ஒன்று விடாமல், பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவர் சொல்கிறார்:

"மாப்ள என்னென்னமோ பண்ணிக் கெடுக்கத்தான் பாத்தாருங்க. நம்ம ஒம்பதுதான் புள்ளைக்கு வேல வாங்கிக் குடுத்துச்சு."