புளி போட்டுத் துலக்கிய மோட்டார்

பளபளப்பு என்றால் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் கிறுக்கு. புன்னைக்காயலில் மாதா கோயில் திருவிழா வந்துவிட்டால், பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்குவது எங்கள் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. முகம் தெரிகிற வரை அம்மா விடமாட்டாள். இந்தப் பயிற்சியோடுதான் நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரானேன். (விளங்கினாற்போலத்தான்.)

தூத்துக்குடியில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மோட்டாரில் சுழலும் செம்பு வளையத்தின்மேல் ஒரு கரிக்கட்டி உரசிக்கொண்டே கரண்டைக் கடத்தும். அதுதான் கார்பன் பிரஷ். எந்தக் கலவையில் செய்த பிரஷ் மெதுவாகத் தேய்கிறது என்று சோதிப்பது என் வேலை. "கரி தேயிதத பாக்கதுக்கா இம்புட்டு படிச்ச?" என்று அம்மா கேட்பாள்.

வாரக்கணக்கில் ஓடிய ஒரு சோதனை முடியும் தறுவாயில் இருந்தது. அது நல்லபடியாக முடிந்தால்தான் என் வேலை நிரந்தரம். கிரேன் மோட்டார்களுக்கு பிரஷ் கேட்டிருந்த வாடிக்கையாளர் அன்று துறைமுகத்திலிருந்து நேரில் பார்க்க வருவதாக இருந்தார். முதலாளி செல்வராஜ் அண்ணாச்சி அவரை அழைத்துவரக் கிளம்பியதும், மிஷினை நிறுத்திப் பார்த்தேன். வளையம் முழுக்கப் பழுப்பேறிக் கிடந்தது. விருந்தாள் வருகிற நேரத்தில் இப்படியா? எனக்கு மானமே போய்விட்டது. ஓடிப்போய்க் கடையில் புளி வாங்கிவந்தேன். துலக்கிக் கழுவித் துடைத்தபோது, வளையத்தில் என் பல்வரிசை தெரிந்தது.

வாடிக்கையாளர் வெள்ளைச் சட்டையில் வந்து, மிஷின் அருகே குனிந்தார். நான் பெருமையாக சுவிட்சைப் போட்டேன்.

கீச்சென்று ஒரு சத்தம். காயல்பட்டினம் வரை கேட்டிருக்கும். பிரஷ் தடதடவென்று அதிர்ந்து, அத்தனை வாரம் தேயாத தேய்மானத்தையும் அப்போதே தேய்ந்து தீர்த்தது. மிஷினைக் குளிர்விக்கும் ஃபேன், கரித்தூளைச் சிந்தாமல் சிதறாமல் அவர் முகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அண்ணாச்சி பாய்ந்து சுவிட்சை அணைத்தார். அவருக்குக் கோபம் வந்தால், என்னைக் கூப்பிடுவதில் 'ம்மா' போய் 'ளா' வந்துவிடும்.

"ஏளா, அந்தப் பழுப்பு எங்க?"

"தேச்சிட்டேன் அண்ணாச்சி."

"எத வச்சு?"

"புளி."

அண்ணாச்சி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பழுப்பு இருந்தாத்தாம்ளா பிரஷ் வழுக்கிட்டு ஓடும்!"

எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். புளிக்குப் பழகிய கை முந்திக்கொண்டது. வேலை போயிற்று என்று வாய்விட்டே அழுதேன்.

வாடிக்கையாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அது இன்னும் கொஞ்சம் பரவியது. "அழாதீங்கம்மா. எங்க வீட்டுச் செம்புக் குடமும் கறுத்துதான் கெடக்கு. அனுப்பி வைக்கட்டா?" என்றார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலை பிழைத்தது.

சோதனை முதலிலிருந்து தொடங்கியது. வளையம் மறுபடி பழுப்பேறுகிறதா என்று, பிள்ளைக்குப் பல் முளைக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தினமும் பார்த்தேன். அது முடிந்த பிறகுதான் நிரந்தரம் ஆனேன்.

இப்போதும் திருவிழா வந்தால், அம்மா என் கையிலிருந்து தண்டைப் பிடுங்கிவிடுவாள். "ஏளா, நீ தொடாத. கோயில்ல கரண்டு போயிரும்." எல்லோரும் சிரித்துக்கொண்டே துலக்குவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து டீ குடிப்பேன். தண்டு துலக்குவதிலிருந்து தப்பிக்கத்தான் நான் திட்டம் போட்டு அந்த மோட்டாரைக் கெடுத்தேன் என்று அக்கா மட்டும் சத்தியம் பண்ணுகிறாள். நான் இதுவரை மறுக்கவில்லை.