தேள் கொடுக்கும் தடையில்லாச் சான்றும்

நாமக்கல் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்யும் இன்பமேரிக்குத் தேள்களோடு எட்டு வருஷப் பழக்கம். தேள் விஷத்தில் வலியை அடக்கும் சத்து ஒன்று உண்டு. அதைப் பிரித்து, கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களுக்குள் அடைத்து, மூட்டுவலி எலிகளுக்குக் கொடுத்தாள். எலிகள் ஓடின. அடுத்தது மனிதர்கள். பள்ளிபாளையத்தில் தறிக்கூடத்தில் நின்றே முழங்கால் தேய்ந்த இருபது பேர் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பாக்கி, அரசாங்கத்தின் சம்மதம் மட்டும்.

நச்சுயிரின நுண்பொருள் ஒழுங்காற்று அலுவலகக் கண்காணிப்பாளர் கந்தவேல் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், தேளோட உரிமையாளர் பேரு எழுதலீங்களே?"

"தேளுக்கு ஏது சார் உரிமையாளர்? கல்லுக்கடியில பிடிச்சது."

"அப்ப அனாதைத் தேளுன்னு வி.ஏ.ஓ. கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தாள். நாற்பது தேளுக்கும் தனித்தனியாக.

அடுத்து நேரடி ஆய்வு. கந்தவேல் மருந்துக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நானோ எங்கீங்க?"

"கண்ணுக்குத் தெரியாது சார். மைக்ராஸ்கோப்புல..."

"அப்பிடின்னா மைக்ராஸ்கோப்புதானுங்க பாத்ததாகும். நேரடி ஆய்வுன்னா அதிகாரி பாக்கோணுமுங்க."

கோப்பில் எழுதினார்: 'மேற்படி பொருள் மேற்படி குப்பிக்குள் மேற்படி அதிகாரியின் பார்வைக்குத் தென்படவில்லை. தென்படும் நிலையில் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் பெருசாச் செஞ்சு கொண்டாங்க, அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள் இன்பமேரி.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிபாளையம் கடைவீதியில் நீளமான வரிசை. 'நானோ தேள் தைலம்' என்றது பலகை. அவளுடைய இருபது பேரில் பதினேழு பேர் அங்கே நின்றார்கள்.

"எத்தன நாளைக்குத்தானுங்க வலியோட காத்திருக்கறது?" என்றாள் அவர்களில் ஒருத்தியான வசந்தாமணி, முகத்தைப் பார்க்காமல்.

கொதித்துப்போய்க் கடைக்குள் நுழைந்தாள் இன்பமேரி. கடைக்கார உஷாராணி சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் கந்தவேலின் கையெழுத்து: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. தேள் இல்லை. விஷம் இல்லை. நானோ இல்லை. எனவே ஆட்சேபணை இல்லை.'

"அப்போ வெறும் தேங்காயெண்ணெயா?"

"கற்பூரமும் இருக்குதுங்க," என்றார் உஷாராணி பெருமையாக. "வரிசையில வாங்க கண்ணு."

புகார் கொடுக்க ரசீதோடு ஒரு புட்டி வேண்டும். வரிசையில் நின்றாள். மூன்று மணி நேரம். வீடு வந்து சேர்ந்தபோது குதிகால் விண் விண்ணென்று தெறித்தது.

ஆதாரத்தில் பாதியைத் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.